ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கரண்டு

மான் வேட்டை சீசனில் ஆல்டர் மில் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பல் வலித்தால்கூடக் கிராம்பைக் கடித்துக்கொண்டு சீசன் முடியட்டும் என்று இருப்பார்கள். முடிந்தவரை செத்துப்போவதையும் தள்ளிப்போடுவார்கள். அந்த வாரமாகப் பார்த்து மாநில மின்கட்டண ஆணையம் தன் விசாரணையை வைத்திருந்தது. தலைநகரத்தில் உட்கார்ந்து காலண்டரைப் புரட்டியவர்களுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

அன்று காலை க்ரூகர் கறிக்கூடத்தின் முற்றத்திலிருந்து ரோடு வரைக்கும் டிரக்குகள் நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் நாக்கைத் துருத்திக்கொண்டு மான் கிடந்தது. பொடிப் பனி விழுந்து ரோமத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே லவோன் க்ரூகர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கொக்கியில் தொங்கிய மானின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினாள். முதுகுக்கறி முழுசாகக் கைக்கு வந்தது. வெள்ளைத் தாளில் சுருட்டி, மான் யாருடையதோ அவர் பெயரை எழுதி ஒட்டினாள். பின்னால் அவள் புருஷன் எல்டன் தொடைக்கறியையும் பன்றிக் கொழுப்பையும் மாற்றி மாற்றி அரைவை மிஷினில் தள்ளிக்கொண்டிருந்தான். சாசேஜுக்குப் போட்ட பூண்டும் கடுகும் மூக்கைத் துளைத்தன. புகையறையில் மேப்பிள் மரத்தூள் கனன்றது.

மரத்தூளைத் தவிர அங்கே மற்றதெல்லாம் ஓடுவது கரண்டில். குளிரறைக்குக் கோடை, குளிர்காலம் என்ற பேதம் இல்லை. ஊரில் பாதிப்பேர் தங்கள் கறியையும் மீனையும் அங்கே வாடகைக்குப் பெட்டி பிடித்துத்தான் வைத்திருந்தார்கள்.

கரண்டு ஊருடையது. நகரசபை மொத்தமாக வாங்கித் தன் சொந்தக் கம்பியில் விற்றது. கறிக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. வெளியே என்றால் காததூரம் இல்லை. கவுன்டி ரோடுதான் எல்லை. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் வெளி. எல்டனின் அப்பா நகர வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று மூளையைக் கசக்கி இந்தப் பக்கம் கட்டினார். அந்தப் புத்திசாலித்தனத்தின் பலனை மகனும் மருமகளும் அனுபவித்தார்கள். வெளியே இருப்பவர்களுக்குக் கரண்டு விலை கூடுதல். இப்போது அந்தக் கூடுதலையும் இரண்டு மடங்காக்க நகரசபை தீர்மானம் போட்டுவிட்டது. வெளியே இருப்பவர்களுக்கு நகரசபைத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. அவர்கள் போய் முறையிட ஒரே இடம் ஆணையம்தான். ஆணையம் தலையசைத்தால் விலை ஏறும், இல்லையென்றால் ஏறாது.

ஏறினால் கறிக்கூடம் அடுத்த மான் சீசனைப் பார்க்காது. கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பட்டாணி டப்பா ஃபாக்டரிக்கே லவோன் திரும்பப் போகவேண்டும். அங்கே பட்டாணி வேகும் ஆவியின் வாடை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

இத்தனையும் போதாது என்று, நகர மின்சாரத்துக்கு மேனேஜராக இருந்தவன் டுவேன் க்ரூகர். எல்டனின் கூடப்பிறந்த தம்பி.

"பேச வேண்டியதை ஒருதடவை சொல்லிக் காட்டு, கேப்போம்," என்றாள் லவோன்.

"இப்பவா? கையெல்லாம் கறி."

"கையிலதானே கறி. வாயில ஒண்ணும் இல்லையே."

எல்டன் மிஷினை நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். "எம் பேரு எல்டன் க்ரூகர். கறிக்கூடம் வச்சிருக்கேன். இந்த வெலை ஏத்தம் எங்களுக்குக் கொஞ்சம் சிரமமா..."

"கொஞ்சமா?"

"சரி, சிரமமா இருக்கும்."

"கடையை மூடணும்னு சொல்லு எல்டன். மூடத்தானே போறோம்?"

"மூஞ்சிக்கு நேரா அப்படி எப்படிச் சொல்றது? எதிர்த்தாப்புல டுவேன் உக்காந்திருப்பான்."

"உக்காந்தா உக்காரட்டும். அவன் போட்ட வெலைதானே?"

"அவன் எங்க போட்டான்? கவுன்சில் போடச் சொல்லுச்சு. ஊரு நீச்சல் குளத்துல ஓடு பேந்துருச்சாம்."

"நம்ம காசுல ஓடு பதிப்பாங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க குளிக்கப் போனா, நீ வெளியூரு, ரெண்டு டிக்கெட் எடுன்னுவாங்க. ரொம்ப நல்லாருக்கு."

எல்டன் மிஷினைப் போட்டுவிட்டான். அவனுக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் அந்த மிஷின் ஓடும். கல்யாணமான நாளிலிருந்து லவோன் அந்தச் சத்தத்தோடுதான் சண்டை போட்டுவந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பால்பண்ணை ஆர்லிஸ் நைகார்ட் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளும் ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான். கறக்கும் மிஷினுக்கும் பால் குளிரும் தொட்டிக்கும் அவள் கட்டும் கரண்டு பில் கறிக்கூடத்துக்கு அடுத்தபடி.

"ஏம்மா லவோன், மத்தியானம் எல்லாரும் வந்துருவோம்ல? வான்கோழி மெர்லின்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னைக்கு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுரணும். என்ன நெனச்சுக்கிட்டிருக்கான் இந்த கவுன்சில்காரன்?"

"நீங்க பேசுவீங்களா, ஆர்லிஸ்?"

"நான் பேசாம? மொத ஆளா நான்தான். மூணு ட்ரே ஓட்ஸ் கேக்கு வேற சுட்டிருக்கேன். அந்த ஆபீசரம்மா அவ்வளவு தூரத்துல இருந்து வருது, பாவம், வெறும் வயித்தோடயா உக்காரும்?"

லவோனுக்கு அப்போதே சின்னதாக ஒரு கிலி பிடித்தது. சண்டைக்குப் போகிறவர்கள் கேக்கு சுட்டுக்கொண்டு போவதில்லை.

தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் மேஜையில் ட்வைட் அம்மாள், ஆணையத்தின் விசாரணை அதிகாரி. கறுப்புக் கோட்டு, ஒட்ட வெட்டிய நரைமுடி. பக்கத்தில் ஒருவன் குட்டி மிஷினில் பேச்சை அப்படியே தட்டெழுதிக்கொண்டிருந்தான். ட்வைட் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"இந்த மைக்குல, சத்தியம் பண்ணிட்டு நீங்க சொல்றது மட்டும்தான் பதிவாகும். பதிவுல இருக்கிறதை வச்சுத்தான் ஆணையம் முடிவு பண்ணும். வெளியில பேசுறது என் காதுல விழுந்தாலும் விழாத மாதிரிதான். விழவும் கூடாது."

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஆர்லிஸ் ட்ரேயை நீட்டினாள். "ஒரு துண்டு எடுத்துக்கோங்க."

"வேண்டாம், நன்றி."

அந்த ஊரில் முதல் "வேண்டாம்" கணக்கில் சேராது. இரண்டாவதும் சேராது. மூன்றாவது தடவை நீட்டும்போது, "இவ்வளவு சொல்றீங்க, சரி, சின்னத் துண்டு," என்று எடுத்துக்கொள்வதுதான் முறை. ட்வைட் அம்மாள் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றார். யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது என்பது அவர் வேலையின் சட்டம். கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. ஆர்லிஸ் முகம் செத்துவிட்டது.

முதலில் டுவேன் பேசினான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். கம்பத்தில் ஏறி ஏறிக் கன்னம் காய்ந்து, நகரசபை வாங்கிக்கொடுத்த டையில் மாட்டிக்கொண்டு தவித்தான். வெளிப்பக்கத்து லைன் நீளம் என்றான், வீடு குறைச்சல் என்றான், அவர்கள் நகர வரி கட்டுவதில்லை என்றான். எல்லாம் உண்மைதான். நீச்சல் குளத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. சொல்லாததும் லவோனுக்குக் கேட்டது.

அடுத்து ஆர்லிஸ். சத்தியம் பண்ணினாள். மைக்கைப் பார்த்தாள். டுவேனைப் பார்த்தாள்.

"டுவேன் ரொம்ப நல்ல பையன். அந்த ஐஸ் மழை பெஞ்ச வருஷம், கரண்டு போயி எங்க மாடெல்லாம் மடி கனத்துக் கத்துது, இந்தப் பையன் கம்பத்துல ஏறி நிக்கிறான், மீசையெல்லாம் ஐஸு. அதை மறக்க முடியுமா? அவனோட ஆளுங்களும் தங்கம்."

"விலை உயர்வைப் பத்தி?" என்றார் ட்வைட் அம்மாள்.

"வெலை..." ஆர்லிஸ் கைப்பையைத் திறந்து மூடினாள். "இப்ப எதுதான் ஏறலை? இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்."

"அப்போ எதிர்க்கிறீங்களா, ஆதரிக்கிறீங்களா?"

"அய்யோ, ரெண்டும் இல்லீங்க. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு."

வான்கோழி மெர்லின் எழுந்தான். லைன்மேன்களுக்கு நன்றி சொன்னான், தீயணைப்பு நிலையத்துக்கு நன்றி சொன்னான், காப்பி நன்றாக இருந்தது என்று பதிவு செய்தான். குறை சொல்வதற்கு முன்னால் நல்லது நாலு சொல்லவேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள். நாலைச் சொல்லி முடிப்பதற்குள் வந்த காரியம் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. தட்டெழுதுகிறவனின் விரல்கள் அத்தனை நன்றியையும் ஒன்று விடாமல் பதிந்தன.

இடைவேளை விட்டார்கள். காப்பி டிரம்மைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அங்கே போனதும் வாய்ப்பூட்டுத் திறந்துகொண்டது.

"பகல் கொள்ளை!" என்றாள் ஆர்லிஸ், வாய் நிறையக் கேக்கோடு. "நான் பால் விக்கிறதே இவனுங்களுக்குக் கட்டத்தான்."

"வான்கோழிக் குஞ்சுக்கு விளக்குப் போடலைன்னா வெறைச்சுச் சாகுது," என்றான் மெர்லின். "போட்டா நான் சாகுறேன். எது தேவலைங்கிற?"

"இதை உள்ள சொல்லேன்யா!" என்றாள் லவோன்.

"அதெப்படிம்மா. எல்லாரும் இருக்காங்க."

இரண்டடி தள்ளி நின்ற ட்வைட் அம்மாள் இதைக் கேட்டு, கேட்கக்கூடாதே என்று, கோட்டுக்கூடப் போடாமல் பனியில் போய் நின்றுகொண்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் தோளில் பனி சேர்வதை லவோன் பார்த்தாள். உண்மையெல்லாம் காப்பி டிரம்மிடம் போகிறது. அதைக் கேட்கவேண்டியவர் வெளியே நின்று நடுங்குகிறார். அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, மறுபக்கம் அந்த டிரம்மைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வந்தது.

இடைவேளை முடிந்ததும் எல்டன் பெயரைக் கூப்பிட்டார்கள். போகும்போது அவன் முழங்கையை லவோன் அழுத்தினாள். "கடையை மூடணும். அந்த ஒரு வார்த்தை."

எல்டன் சத்தியம் பண்ணினான். "எம் பேரு எல்டன் க்ரூகர். கறிக்கூடம் வச்சிருக்கேன்." நிறுத்தினான். தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த வருஷம் பனி கொஞ்சம் சீக்கிரமா வந்துருச்சு. மான் வேட்டைக்கு நல்லதுதான், தடம் தெரியும். போன வருஷம் இந்நேரம் சேறு. இதுவே நீடிச்சா... ம்... நல்லாத்தான் இருக்கும்."

"மின்கட்டணத்தைப் பத்தி ஏதாவது?"

"அதை அவங்கவங்க பாத்துப்பாங்க."

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது லவோன் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள். கை தூக்கினாள்.

"நானும் பேசணும்."

சத்தியம் பண்ணும்போது அவள் நகக்கண்ணில் மான் ரத்தம் காய்ந்திருந்தது. நல்லது நாலு சொல்லவேண்டும் என்று அவளுக்கும் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் எதிர்க்கிறேன்," என்றாள். "முதல்ல அதை எழுதிக்கோங்க. இந்த வெலை வந்தா நாங்க கடையை மூடிருவோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு ஒரு வெலை, எங்களுக்கு ஒரு வெலை. ஏன்னு கேட்டா லைன் நீளம்ங்கிறாங்க. எங்க வாசல்ல நின்னா ஊர்க் கம்பம் தெரியுது. அதிகமா வாங்குற காசு லைனுக்குப் போகலை, நீச்சல் குளத்துக்குப் போகுது. எங்களுக்கு ஓட்டு இல்லை, அதனால கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சுட்டாங்க. நான் சலுகை கேக்கலை. எல்லாரையும் மாதிரி எங்களையும் நடத்துங்கன்னுதான் கேக்குறேன்."

ட்வைட் அம்மாள் டுவேன் பக்கம் திரும்பினார். "இவங்ககிட்ட கேள்வி ஏதாவது இருக்கா?"

டுவேன் எழுந்தான். காது சிவந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு. அண்ணி, காத்து மழையில வெளிப்பக்கத்து லைன் விழுந்தா நான் முதல்ல எங்க வர்றேன்?"

லவோன் அதை எதிர்பார்க்கவில்லை. "எங்க வீட்டுக்கு."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் முன்னாடி." சத்தியம் பண்ணியிருக்கிறாளே, வேறென்ன சொல்ல? ஆர்லிஸ் பக்கம் அவளால் பார்க்க முடியவில்லை. பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "அதுவும் வேணாம் டுவேன். வரிசைப்படி வா. வெலையையும் வரிசைப்படி போடு."

அவன் உட்கார்ந்தான். அவளுக்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், போகும் வழி என்ன, ரோட்டைத் தாண்டியவுடன், எல்டன் சொன்னான்: "அவன் முன்னாடி அப்படிப் பேசியிருக்க வேணாம்."

"நீ பேசியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?"

அவன் உள்ளே போய் மிஷினைப் போட்டான்.

அந்த வியாழக்கிழமை நன்றி நாள் பண்டிகை. வருஷாவருஷம் டுவேன் குடும்பம் கறிக்கூடத்து வீட்டில்தான் வான்கோழி சாப்பிடும். அந்த வருஷம் அவன் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்கள். ரோடு வழுக்குமே, இருந்தும் போகிறோம் என்று போனில் சொன்னார்கள். லவோன் பெரிய வான்கோழியைச் சுட்டு, அடுத்த வாரம் முழுக்க சூப்பு வைத்தே தீர்த்தாள்.

பனி உருகும் காலத்தில் ஆணையத்தின் உத்தரவு வந்தது. உள்ளே வெளியே என்ற பேதத்துக்குக் காட்டிய காரணம் போதாது, இனி எல்லோருக்கும் ஒரே விலை என்று இருந்தது. எதிர்ப்பு என்ற இடத்தில், "ஒரு வாடிக்கையாளர்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஆர்லிஸ் மூன்று ட்ரே கேக்கோடு வந்து, "ஜெயிச்சுட்டோம் பாத்தியா!" என்று லவோனைக் கட்டிக்கொண்டாள். அந்த 'ஓம்'-ஐக் கேட்டு லவோனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கறிக்கூடம் பிழைத்தது. டுவேன் வரவில்லை. ரோட்டில் எதிர்ப்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவான். முன்பின் தெரியாதவனுக்கும் அந்த ஊரில் அந்த இரண்டு விரல் உண்டு.

ஜூலையில், ஒரு புழுக்கமான மத்தியானம், மேற்கே வானம் பச்சையாகிச் சூறாவளி போல ஒரு காற்று இறங்கியது. எல்ம் மரங்கள் கம்பிமேல் சாய்ந்தன. குளிரறையின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. அதுவரை அப்படியொரு சத்தம் இருந்ததே அது நின்றபோதுதான் தெரிந்தது.

லவோன் வாசலில் நின்றாள். சாயங்காலம் மஞ்சள் நகர டிரக் வந்தது. அவளையறியாமல் கை தலைமுடியைச் சரிசெய்தது. டிரக் மெதுவாகி, இரண்டு விரல் உயர்ந்து, தாண்டிப் போனது. முதலில் நைகார்ட் பண்ணை, அதற்கப்பால் மெர்லின். மெயின் லைனிலிருந்து வரிசை அப்படித்தான் வருகிறது. வீடு ஊருக்குப் பக்கமென்றாலும் இவர்கள் கிளைக்கம்பிதான் இந்தப் பக்கத்தில் கடைசி. அவளே எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டும் நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலைக்குள் பெட்டிகளில் தண்ணீர் கசிந்தது. எல்டன் புகையறையை மூட்டி, இளகிய பன்றிக்கறியை எல்லாம் உள்ளே ஏற்றினான். லவோன் முற்றத்தில் கரி அடுப்புப் போட்டு சாசேஜைச் சுட்டுச் சுட்டுப் போட்டாள். பெட்டி வைத்திருந்தவர்கள் ஐஸ் வாளிகளோடு வந்து தங்கள் கறியை எடுத்துப்போனார்கள். எடுக்க முடியாதது நாறத் தொடங்கியிருந்தது. "பரவாயில்லம்மா, இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்," என்றார்கள் எல்லோரும். யாராவது ஒருத்தர் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் டுவேன் வந்தான். கண் குழிவிழுந்து, சட்டையெல்லாம் மரப்பிசின். கம்பத்தில் ஏறினான், கம்பியை இழுத்துக் கட்டினான், இறங்கி வந்து மீட்டர் பெட்டியைப் பார்த்தான். உள்ளே மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிப் பிடித்துக்கொண்டன.

லவோன் ரொட்டியில் சாசேஜ் வைத்துத் தட்டில் கொண்டுவந்தாள். "சாப்பிட்டுப் போ, டுவேன்."

"வேணாம் அண்ணி."

"நேத்துலருந்து என்ன சாப்பிட்ட?"

"இருக்கட்டும், வேணாம்." ஒரு காலை டிரக் படியில் வைத்தான். "ஊருக்குள்ள குறுக்குத் தெருவுல இன்னும் வீடுங்க இருக்கு. காத்துக்கிட்டிருப்பாங்க."

மூன்றாவது தடவை கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த மூன்றாவதும் வேண்டாம் என்று வந்துவிட்டால் பிறகு பேச எதுவும் இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மேல கோபமா இருக்கியா?" என்றாள். அந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி.

டுவேன் கையுறையைக் கழற்றினான். "உங்க மேலயா? நீங்க உள்ளதைச் சொன்னீங்க. கவுன்சில் என் வாயை அடைச்சு வச்சிருந்துச்சு, குளத்துக் கதையை நான் சொல்ல முடியல. நீங்களாவது சொன்னீங்களேன்னு இருந்துச்சு. நான் அந்தக் கேள்வி கேட்டதுதான் அசிங்கம். அந்த நேரத்துக்குக் கேட்டுட்டேன்."

"பின்ன ஏன் வீட்டுப் பக்கம் வரலை?"

அவன் புகையறை வாசலைப் பார்த்தான். எல்டன் அங்கே தீக்கிளறும் கம்பியும் கையுமாக நின்றிருந்தான். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

"அண்ணே, கோபம் உம்மேலதான்," என்றான் டுவேன். "எந்தம்பி செய்யுறது தப்புன்னு நீ சொல்லியிருந்தா நான் தலையைக் குனிஞ்சு கேட்டிருப்பேன். எந்தம்பி நல்லவன்னு சொல்லியிருந்தா இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன். நீ ரெண்டும் சொல்லலை. அண்ணியைத் தனியா விட்டுட்டு, என்னையும் தனியா விட்டுட்டு, பனி சீக்கிரம் வந்துருச்சுன்ன."

எல்டன் சுற்றுமுற்றும் பார்த்தான். அரைவை மிஷின் உள்ளே இருந்தது, கைக்கு எட்டவில்லை. அண்ணாந்து மேற்கே பார்த்தான்.

"மறுபடியும் மேகம் கட்டுது..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

உள்ளே மோட்டார்கள் சீராக ஓடின. லவோன் டிரக்கின் அருகே போய் மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டினாள். டுவேன் ரொட்டியை எடுத்துக்கொண்டான். உட்காரவில்லை. ஒரு கையில் பிடித்து அதைக் கடித்தபடி, மறு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு குறுக்குத் தெருவுக்குப் போனான்.

எல்டன் இன்னும் கம்பியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"லவோன்," என்றான் கம்பியைச் சாய்த்து வைத்துவிட்டு, "தட்டுல இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு," என்றாள் அவள். நீட்டவில்லை. "போய் அவன்கிட்ட குடு. நடந்து போ. என்ன சொல்லிக் குடுக்கணும்னு போற வழியில யோசிச்சுக்கோ."

அவன் தட்டை வாங்கிக்கொண்டு ரோட்டின் ஓரம் வரைக்கும் போனான். அங்கே கொஞ்சம் நின்றான். பிறகு தாண்டினான்.